தொடர்மாடியில் நவராத்திரி: கும்பம் வைப்பது முதல் ஏடு தொடக்குவது வரை முழுமையான வழிகாட்டி

கலியாணம் முடிந்து வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி வீடொன்றுக்குக் குடிவந்த முதல் வருடம், நவராத்திரியை என்னால் நான்காம் நாளுக்கு மேல் இழுத்துப் போக முடியவில்லை. யாழ்ப்பாணத்து அம்மம்மா வீட்டு வழக்கப்படி கும்பம் வைத்தேன். கொட்டாஞ்சேனை மாமி வீட்டு வழக்கப்படி ஏழு படி கொலுவும் வைத்தேன். நாளுக்கொரு சாதம், நாளுக்கொரு சுண்டல் என்று பட்டியல் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். நான்காம் நாள் கந்தோரில் கணக்கு முடிவு. வீடு வந்து சேர இரவு ஒன்பது மணி. பூ அழுகி, விளக்கு ஏற்றப்படாமல், முளைப்பாலிகைத் தட்டில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. அழுதுகொண்டே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஒரு விளக்கும் ஒரு பிடி அவலும் காணும் பிள்ளை. ஆனா ஒன்பது நாளும் இருக்கோணும்" என்றா.

அதற்குப் பிறகு நான் செய்வதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான். இலங்கையில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் அரச விடுமுறை உண்டு, நவராத்திரிக்கு இல்லை. கொழும்பில் வேலைக்குப் போகிற எவரும் இந்த ஒன்பது நாளையும் வேலை நாட்களுக்கு நடுவில்தான் பொருத்த வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் எதைச் சேர்க்கலாம் என்பதோடு எதை விடலாம் என்பதையும் சொல்கிறேன்.

நாள் எப்போது தொடங்குகிறது?

புரட்டாதி மாதத்து அமாவாசைக்கு மறுநாள், வளர்பிறைப் பிரதமையில் தொடங்கி நவமி வரை ஒன்பது இரவுகள். பத்தாம் நாள் விஜயதசமி. சில வருடங்களில் இது ஐப்பசிக்குள் போய்விடும். வருடத்தில் உண்மையில் நான்கு நவராத்திரிகள் உண்டு. பங்குனி அமாவாசைக்குப் பிறகு வருவது வசந்த நவராத்திரி, ஆனி–ஆடியில் ஆஷாட நவராத்திரி, தையில் சியாமளா நவராத்திரி. நாங்கள் வீடுகளில் கொண்டாடுவது புரட்டாதியில் வரும் சாரதா நவராத்திரி.

நாட்காட்டியைப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். இலங்கையில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. சில வருடங்களில் இரண்டும் ஒரு நாள் வித்தியாசம் காட்டும். பக்கத்து வீட்டில் சரஸ்வதி பூசை நடக்கும், உங்கள் வீட்டில் நாளைக்கு என்று இருக்கும். இதற்குத் தலையை உடைக்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகும் கோயில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். இடையில் மாறினால்தான் குழப்பம்.

முதலில் அளவைத் தீர்மானியுங்கள்

கும்பம், கொலு, படம் என்று மூன்று வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு வீடுகளில் பெரும்பாலும் கும்பம்தான். இந்திய வழி வந்த குடும்பங்கள் கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருப் பக்கம் கொலு வைப்பார்கள். இரண்டும் இல்லாமல் துர்க்கை, இலட்சுமி, சரஸ்வதி மூவரும் இருக்கும் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றும் வீடுகளும் நிறைய. மூன்றிலும் அம்பாள் ஒருத்திதான். முதல் வருடக்காரர்கள் படத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். கும்பம் வைத்தால் அதைப் பத்தாம் நாள் வரை அசைக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகவும் கூடாது. படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

துடக்கு (தீட்டு) வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு முடியாத நாட்களில் கணவர் விளக்கேற்றுவார், மகள் பூ வைப்பாள், நான் குசினியில் இருந்து பாட்டைச் சொல்லுவேன். வீட்டுக்கே துடக்கு என்றால் அந்த வருடம் கும்பம் வைப்பதில்லை. இதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபடும். உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்பதே சரி.

சாமான் எங்கே வாங்குவது?

பூசைச் சாமான்களுக்குச் செட்டியார் தெருவும் ஜிந்துப்பிட்டியும்தான் இன்னும் வசதி. மஞ்சள், குங்குமம், பச்சைக் கற்பூரம், தர்ப்பை, கும்பத்துக்குச் சுற்றும் பட்டு எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். தெற்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்சத் தூரம். கடைசி இரண்டு நாளில் போகாதீர்கள். கூட்டத்தை விடுங்கள், மாவிலை, தலைவாழையிலை எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடும்.

வெண்தாமரைக்கு ஒரு வழி சொல்கிறேன். சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் தமிழ்க் கடைகளில் தாமரை தேடி அலைவதை விட, பன்சலை (பௌத்த விகாரை) வாசலில் இருக்கும் பூக்கடைக்குப் போங்கள். பௌத்தர்கள் நாளாந்தம் தாமரையும் நீலோற்பலமும் வைத்து வணங்குகிறவர்கள் என்பதால் அங்கே எப்போதும் புதிதாக இருக்கும். இதழை மடித்து மொட்டை விரித்துத் தருவார்கள். எனக்கு மடிக்காமல் தாருங்கள் என்று கேட்டு வாங்குவேன், வீட்டில் நின்று பிடிக்கும்.

கும்பம் வைக்கும் முறை

காலையில் இராகுகாலம் தவிர்த்து நல்ல நேரம் பார்த்து வையுங்கள். காலையில் முடியாதவர்கள் மாலையில் வைப்பதும் உண்டு. வரவேற்பறையில் கால் படாத மூலை, மின்விசிறி நேரே அடிக்காத இடம். கும்பம் கிழக்கு நோக்கி இருப்பது வழக்கம். தொடர்மாடிச் சுவர் அதற்கு இடம் தராவிட்டால் வடக்கு.

இடத்தைக் கழுவித் துடைத்து, மாக்கோலம் போட்டு, அதன்மேல் ஒரு சின்னப் பலகை. பலகையில் தலைவாழையிலை. இலையில் நெல்லைப் பரப்புங்கள். கொழும்பில் நெல் கிடைக்காவிட்டால் பச்சையரிசி போதும், ஒரு கொத்து அளவு. அரிசியில் மோதிர விரலால் ஓங்காரம் எழுதுங்கள்.

செம்பு அல்லது பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, விபூதி சந்தனம் குங்குமம் வைத்து, அரிசியின் நடுவில் வையுங்கள். பொறுமை இருந்தால் குடத்துக்கு வெள்ளை நூல் சுற்றலாம். ஐயர் சுற்றுகிற மாதிரிக் குறுக்குக் குறுக்காக வராது, வராவிட்டாலும் பரவாயில்லை. குடத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதற்குள் ஒரு மஞ்சள் துண்டு, இரண்டு ஏலம், இரண்டு கராம்பு, சிட்டிகை பச்சைக் கற்பூரம், ஒரு நாணயம். இந்த வாசனைப் பொருட்களைச் சடங்கு என்று மட்டும் நினைக்காதீர்கள். கொழும்புப் புழுக்கத்தில் பத்து நாள் நிற்கும் தண்ணீர் மணக்காமல் இருக்க அவையும் கை கொடுக்கும்.

குடத்தின் வாயில் ஐந்து அல்லது ஏழு மாவிலை, காம்பு தண்ணீரில் படும்படி. அதன்மேல் முடித்தேங்காய். தேங்காய் தேர்வதில்தான் கவனம் வேண்டும். குடுமி உறுதியாக, கண் மூடியிருக்க, கீறல் இல்லாமல், கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். கடையில் குலுக்கிப் பார்த்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குடுமி மேலே பார்க்க நிறுத்துங்கள். தர்ப்பைக் கூர்ச்சம் இருந்தால் செருகுங்கள். சிவப்புப் பட்டைச் சுற்றி ஒரு பூமாலை போட்டால் கும்பத்தில் அம்பாள் வந்துவிட்ட மாதிரித்தான் இருக்கும்.

கும்பத்துக்கு முன்னால் மஞ்சளில் பிடித்த பிள்ளையார், தலையில் அறுகம்புல். இரு பக்கமும் குத்துவிளக்கு.

இடையில் தேங்காய் வெடித்துவிட்டால் பயப்படாதீர்கள். என் இரண்டாம் வருடம் ஆறாம் நாள் வெடித்தது. வீட்டுக்கு வந்த ஒரு மாமி, "அபசகுனம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா, எனக்கு இரவு நித்திரை இல்லை. புழுக்கமும் மின்விசிறிக் காற்றும் மாறி மாறிப் பட்டால் தேங்காய் வெடிக்கும். மன்னிப்புக் கேட்டு வணங்கி, வேறு தேங்காய் வைத்தால் போதும்.

முளைப்பாலிகை

சில வீடுகளில் கும்பத்தைச் சுற்றி மண் பரப்பி நவதானியம் விதைப்பார்கள். நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள்ளு, உழுந்து, கொள்ளு இந்த ஒன்பதும். தொடர்மாடியில் தனியாக ஒரு மண் சட்டியிலோ தட்டிலோ விதைத்துப் பக்கத்தில் வைப்பது வசதி. நான் செய்த பிழை, அலுமாரியில் இருந்த துவரம்பருப்பையும் உழுத்தம்பருப்பையும் போட்டது. உடைத்த பருப்பு முளைக்காது. முழுத் தானியமாகக் கேட்டு வாங்கி, இரவு முழுவதும் ஊறவிட்டு விதையுங்கள். எள்ளை ஊறவைக்க வேண்டாம், மண்ணின் மேலே தூவிவிட்டால் போதும். பயறு இரண்டாம் நாளே எட்டிப் பார்க்கும், நெல் சோம்பேறி.

தண்ணீரைக் கையால் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். ஊற்றினால் பூஞ்சணம், அதைவிட மோசம், சட்டிக்குக் கீழே வைத்த தட்டில் தண்ணீர் தேங்கும். கொழும்பில் டெங்கு எப்படி என்று சொல்லத் தேவையில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். பூசைத் தட்டு என்று சொன்னால் நுளம்புக்கு விளங்காது. தினமும் விளக்கேற்ற முன் அந்தத் தட்டைத் துடைத்துவிடுங்கள். கும்பத்தின் வாயையும் மாவிலையும் தேங்காயும் நன்றாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொலு வைப்பவர்களுக்கு

படிகள் ஒற்றைப்படையில்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. கீழே புல், மரம், செடி, அதற்கு மேல் சங்கு, நத்தை, பிறகு எறும்பு, நண்டு, வண்டு, பிறகு விலங்கும் பறவையும், அதற்கு மேல் மனிதர், பிறகு முனிவர்கள், தேவர்கள், உச்சியில் ஆதிபராசக்தி. உயிர் ஓரறிவிலிருந்து படிப்படியாக மேலே போவதைக் காட்டுகிற ஒழுங்கு இது. மூன்று படி என்றால் கீழே இயற்கை, நடுவில் மனிதர், மேலே தெய்வம் என்று சுருக்கலாம். படிக்குப் பலகை தேட வேண்டாம். புத்தகக் கட்டு, பிஸ்கட் பெட்டி, மடித்த மேசை, மேலே ஒரு வெள்ளை வேட்டி.

மாமி வீட்டுக் கொலுவில் எனக்குப் பிடித்தது மரப்பாச்சிச் சோடியும், அதற்குப் பக்கத்தில் கண்டிப் பெரஹராவுக்குப் போகிற மாதிரிச் சோடித்த மர யானையும். தமிழ்நாட்டிலிருந்து மண் பொம்மை கொண்டுவருவது என்றால் விமானப் பொதியில் பாதி உடைந்துதான் வரும். இங்கே கிடைப்பதை வைத்து அடுக்குங்கள், வருடத்துக்கு ஒரு பொம்மை சேருங்கள்.

தினமும் அரை மணித்தியாலம்

ஒக்டோபரில் கொழும்பில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த நேரத்தில் இடியோடு மழையும் வரும், காலி வீதியும் அடைத்துக்கொள்ளும். "ஆறு மணிக்கு விளக்கு" என்று நேரம் குறிக்காமல், "வீடு வந்து குளித்த உடனே விளக்கு" என்று வையுங்கள். இந்த ஒரு மாற்றம்தான் என் ஒன்பது நாளையும் காப்பாற்றியது.

வரிசை இது. பழைய பூவை எடுங்கள். கொழும்புக் காற்றில் பூ ஒரு இரவில் கறுத்துவிடும், இரண்டு நாள் விடாதீர்கள். நல்லெண்ணெய் விளக்கை ஏற்றுங்கள். பிள்ளையாரை வணங்கி அறுகம்புல் வையுங்கள். அன்றைய தேவியின் பெயரைச் சொல்லிப் பூவோ குங்குமமோ இட்டு அருச்சியுங்கள். 108 நாமம் தெரிந்தால் சொல்லலாம், நேரம் இல்லாவிட்டால் ஒன்பது தடவை "ஓம் சக்தி" போதும். சாம்பிராணி, நைவேத்தியம், கற்பூரம். பிறகு பஞ்சபுராணம் (தேவாரம் முதலான ஐந்து திருமுறைப் பாடல்கள்), அம்பாள் பாட்டு ஒன்று. அபிராமி அந்தாதி படிக்க விருப்பமுள்ளவர்கள் நூறு பாடலையும் பங்கு போடலாம்: நாளுக்குப் பதினொன்று, கடைசி நாள் பன்னிரண்டு. வீட்டில் நாலு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்றுக்கு மேல் வராது. பிள்ளைகள் முறைக்கும் அளவுக்கு நீளமில்லை.

சாம்பிராணி பற்றி ஒரு வார்த்தை. தொடர்மாடியில் புகை உணரி இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் காட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருமுறை எச்சரிக்கை மணி அடித்து, பன்னிரண்டு மாடிச் சனமும் இரவு உடுப்போடு கீழே இறங்கி நின்றது. என் கையில் தூபக்கால். விளக்கை எரியவிட்டுக் கோயிலுக்குப் போவதையும் நிறுத்துங்கள். திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் கண்ணாடிக் கூண்டு போட்ட விளக்கு வையுங்கள், வெளியே போகும்போது பூவால் அமர்த்திவிட்டுப் போங்கள்.

மூன்று மூன்று நாளாக

எங்கள் மரபில் முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, வீரத்துக்காக. அடுத்த மூன்று இலட்சுமிக்கு, செல்வத்துக்காக. கடைசி மூன்று சரஸ்வதிக்கு, கல்விக்காக. ஏன் மூன்றாகப் பிரிந்தது என்பதற்கு மார்க்கண்டேய புராணத்துக்குள் வரும் தேவி மாகாத்மியத்தின் அமைப்பைப் பார்க்கலாம். அதில் பதின்மூன்று அத்தியாயங்கள், எழுநூறு மந்திரங்கள். முதல் அத்தியாயத்தில் மது, கைடபர் கதை, அதற்குத் தெய்வம் மகாகாளி. இரண்டு முதல் நான்கு வரை மகிடாசுர வதம், மகாலட்சுமி. ஐந்து முதல் பதின்மூன்று வரை சும்ப நிசும்பர் வதம், மகாசரஸ்வதி. மகிடனைக் கொன்றவளை நாங்கள் துர்க்கை என்கிறோம், அந்த நூல் மகாலட்சுமி என்கிறது. மூன்றும் ஒருத்தி என்று பெரியவர்கள் சொல்வது இங்கேதான் எனக்கு விளங்கியது.

பூவை இந்த ஒழுங்கில் மாற்றுங்கள். துர்க்கைக்குச் செவ்வரத்தை, செவ்வலரி. இலட்சுமிக்குச் செந்தாமரை, கிடைக்காவிட்டால் மஞ்சள் செவ்வந்தி. சரஸ்வதிக்கு வெண்தாமரை, மல்லிகை, நந்தியாவட்டை. தொடர்மாடி முன் தோட்டத்தில் செவ்வரத்தை இருந்தால் காவலாளியிடம் கேட்டே பறியுங்கள்.

வட இந்தியாவில் ஒன்பது நாளும் துர்க்கையின் ஒன்பது வடிவங்கள்: சைலபுத்திரி, பிரம்மசாரிணி, சந்திரகண்டா, கூஷ்மாண்டா, ஸ்கந்தமாதா, காத்யாயனி, காளராத்திரி, மகாகௌரி, சித்திதாத்திரி. விரும்பினால் அந்தந்த நாளில் அந்தப் பெயரையும் சொல்லி ஒரு பூ வைக்கலாம், இரண்டு வழியும் மோதாது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஒன்பது நிறச் சேலைப் பட்டியல் எங்கள் ஊர் வழக்கம் இல்லை, அது வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும். அதற்காக வெள்ளவத்தைக் கடைகளில் ஓடித் திரிய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். என் தங்கை இதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நைவேத்தியம்

வேலை நாட்களுக்கு அவல். சிவப்பு அவலை இரண்டு தரம் அலசி, தண்ணீரை உடனே வடித்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஊறப் போட்டால் களியாகிவிடும். சர்க்கரையைச் சீவிப் போட்டு, தேங்காய்ப்பூ, ஏலத்தூள், நறுக்கிய கதலிப்பழம் சேர்த்துப் பிசறினால் முடிந்தது. சர்க்கரைக்குப் பதில் கித்துள் பனங்கட்டியும் போடலாம், வாசம் தனி.

கடலை என்றால் காலையில் வேலைக்குப் போகமுன் ஊறவைத்துவிட்டுப் போங்கள். மாலையில் உப்புப் போட்டு அவித்து, எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ச்சொட்டுப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். வெங்காயம் வேண்டாம். கடலை, பயறு, கௌபி, கச்சான் என்று தானியத்தை மட்டும் மாற்றினால் நாலு நாள் ஓடிவிடும். மோதகம், வடை, சர்க்கரைப் பொங்கலைச் சனி ஞாயிறுக்கும் சரஸ்வதி பூசைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் அடைக்காதீர்கள். பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். எங்கள் மாடியில் ஒரு சிங்களக் குடும்பமும் ஒரு முஸ்லிம் குடும்பமும் இருக்கிறார்கள். முஸ்லிம் வீட்டுக்குப் படைக்கமுன் எடுத்து வைத்த கடலையைத்தான் கொடுப்பேன், கேட்டே கொடுப்பேன். ஒரு மாலையாவது பெண்களை அழைத்து வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் கொடுங்கள். வீட்டுக்கு ஒரு சிறுமி வந்தால் அவளையே அம்பாளாக நினைத்துப் பூவும் வளையலும் கொடுப்பது கன்னியா பூசை. இரண்டு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு அதைச் செய்வார்கள்.

கோயிலுக்கு எந்த நாள்?

ஒன்பது நாளும் கோயிலுக்குப் போக முடியாது. ஒரு நாள் தேர்ந்தெடுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மயூரபதி பத்திரகாளி அம்மன் கோயில் நடை தூரம். வடக்குப் பக்கம் கொட்டாஞ்சேனை முத்துமாரியம்மன், முகத்துவாரம் காளியம்மன். காளி கோயில்களில் சிங்கள மக்களும் நிறைய வருவார்கள், வரிசை நீளும். அமைதியாக இருக்க விருப்பமென்றால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போய்ச் சிவகாமசுந்தரி சந்நிதியில் நில்லுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த கோயில் அது. வெளியே எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும்.

சரஸ்வதி பூசையும் வாணி விழாவும்

மூல நட்சத்திரத்தில் சரஸ்வதியை ஆவாகனம் செய்து திருவோணத்தில் விடைகொடுப்பது பழைய முறை. இப்போது பெரும்பாலான வீடுகளில் நவமி அன்று புத்தகம் வைத்து, தசமியன்று எடுக்கிறார்கள். வெள்ளைத் துணி விரித்து, புத்தகங்கள், பேனை, வீணையோ வயலினோ இருந்தால் அதுவும், தொழில் செய்கிறவர்களின் கருவிகளும் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுங்கள். மடிக்கணினிக்குத் திரையில் சந்தனம் வைக்காதீர்கள், மூடிய மேல்மூடியில் ஒரு பொட்டுப் போதும். வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விரதத்தில் மட்டும் முழு நம்பிக்கை. பரீட்சை இருந்தால் அந்தப் பாடப் புத்தகத்தை வைக்காமல் விடுங்கள், சரஸ்வதி கோபிக்க மாட்டா.

அன்று பாடுவது சகலகலாவல்லி மாலை. குமரகுருபரர் காசியில் பாடிய பத்துப் பாடல்கள். அங்கே முகலாய ஆட்சியாளரோடு அவருடைய மொழியிலேயே பேசும் ஆற்றல் வேண்டிப் பாடினார் என்பது மரபு. இலங்கையில் சைவப் பாடசாலையில் படித்த எவருக்கும் இதில் பாதியாவது வாயில் வரும்.

சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவும் கொழும்பில் சிறப்பு. பாடசாலைகளில் மட்டுமல்ல, வங்கிகளிலும் அரச அலுவலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் நடக்கும். உங்கள் அலுவலகத்தில் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால் மூன்று விடயங்களை முதலே முடியுங்கள். விளக்கு, கற்பூரம் ஏற்றக் கட்டடப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி. நிகழ்ச்சியை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்குவது. இது என்ன விழா என்று சிங்களத்தில் நாலு வரி சொல்ல ஒருவர். பேச்சாளர் நாலு பேரை அழைத்து ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்தால், கடலைக்காகக் காத்திருக்கும் சனம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஜயதசமி: ஏடு தொடக்கலும் கும்பம் எடுத்தலும்

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏடு தொடக்க இந்த நாளுக்குத் தனி முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. கோயில்களில் காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும்; பசித்த பிள்ளையை வரிசையில் நிறுத்தாமல் பால் கொடுத்துக் கூட்டிப் போங்கள். வீட்டில் செய்வதென்றால் தாத்தாவோ ஆசிரியரோ பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்துப் பிள்ளையார் சுழி போட்டு "அ" எழுதுவிப்பார். எழுதும்போது சொல்லச் சொல்ல வேண்டும். மஞ்சள் பூசிய பனையோலை ஏட்டில் அரிச்சுவடி எழுதிக் கையில் கொடுப்பார்கள். ஓலை கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் யாரிடமாவது முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். என் மகன் "அ" எழுதி முடித்ததும் அரிசியை அள்ளி வாயில் போட்டான். படம் அதுதான் இருக்கிறது.

பின்னேரம் கோயிலில் மானம்பூத் திருவிழா. மகிடாசுரனாகப் பாவித்து நட்ட வாழையை வாளால் வெட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளை முன்னால் விடாதீர்கள்; வெட்டியதும் வாழைத் துண்டுக்குச் சனம் பாயும்.

வீட்டில் கடைசிப் பூசை முடிந்ததும் கும்பத்தை இரு கையாலும் பிடித்து வடக்குப் பக்கம் சற்று நகர்த்துங்கள். அதுதான் விடைகொடுத்தல். சிலர் அன்றிரவே பிரிப்பார்கள், நாங்கள் மறுநாள் காலையில். மாவிலையால் கும்பத் தண்ணீரை வீடெல்லாம் தெளித்து மிச்சத்தைத் துளசிக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுங்கள். முளைப்பாலிகையைக் கடலில் விட மரீன் டிரைவைத் தாண்டி இறங்குகிறவர்கள் புகையிரதப் பாதையைக் கவனியுங்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. பொலித்தீன், நூல், பட்டு எதையும் கடலில் போடாதீர்கள். நான் இப்போது முளைகளைத் தொடர்மாடிப் பூச்சாடி மண்ணில் புதைத்துவிடுகிறேன். சென்ற வருடம் அதில் ஒரு துவரஞ்செடி எழும்பி, இரண்டு காய் காய்த்தது.

நாணயத்தை உண்டியலிலோ அலுமாரியிலோ வையுங்கள். பட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி மடித்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். கும்பத்தடி அரிசியைக் களைந்து அன்றைக்கே சர்க்கரைப் பொங்கல் வைத்து, தேங்காயை உடைத்துப் பாலைப் பிழிந்து அதிலேயே விடுங்கள். பத்து நாள் புழுக்கத்தில் நின்ற தேங்காய் சிலவேளை உள்ளே பழுதாகியிருக்கும். உடைத்ததும் மணந்து பாருங்கள். பழுதென்றால் மரத்தடியில் போட்டுவிட்டுக் கடையில் வேறொன்று வாங்குங்கள்.